ஓப்பன்-பேக் ஹெட்போனைத் தேர்ந்தெடுப்பதும், அதற்கு ஆம்ப்ளிஃபயர் வேண்டுமா என்று கணக்கிட்டு அறிவதும்

ஓப்பன்-பேக் ஹெட்போன் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, ‘இதற்குத் தனியாக ஆம்ப் வேண்டுமா?’ என்பதைத்தான். அதற்குக் கிடைக்கும் பதில்களோ ஒன்றுக்கொன்று முரணானவை. ‘300 ஓம் என்றால் கட்டாயம் வேண்டும்’ என்பார் ஒருவர். ‘நான் போனிலேயே கேட்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது’ என்பார் இன்னொருவர். இது கருத்தால் தீர்க்க வேண்டிய விஷயமே அல்ல. ஹெட்போனின் உணர்திறன், அதன் மின்மறுப்பு (மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பது, ஓமில் சொல்லப்படும்), உங்கள் போனோ மடிக்கணினியோ தரும் வோல்ட் ஆகிய 3 எண்கள் தெரிந்தால், ஒரு துண்டுக் காகிதத்தில் பத்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். ஆனால் அந்தக் கணக்கைப் போடுவதற்கு முன்னால் எந்த ஹெட்போன் என்பது முடிவாகியிருக்க வேண்டும். அதற்கும் முன்னால், ஓப்பன்-பேக் உங்களுக்குப் பொருந்துமா என்பது முடிவாகியிருக்க வேண்டும்.

முதலில் அறையைக் கவனியுங்கள்

சாதாரண ஹெட்போனில் ஒலிக்கும் சவ்வுக்குப் பின்னால் மூடிய கிண்ணம் இருக்கும். ஓப்பன்-பேக்கில் அந்த இடத்தில் வெறும் வலைதான் இருக்கிறது. சவ்வின் பின்புறத்திலிருந்து எழும் ஒலி கிண்ணச் சுவரில் மோதித் திரும்பிக் காதுக்கு வராமல் வெளியே போய்விடுவதால், இசை தலைக்குள் அடைபட்டதுபோல் இல்லாமல் காதுக்குச் சற்று வெளியிலிருந்து வருவதுபோல் தோன்றும். 1968-இல் சென்ஹைசர் வெளியிட்ட எச்.டி. 414 இந்த அமைப்பில் விற்பனைக்கு வந்த முதல் ஹெட்போன். இன்று வரை அடிப்படை மாறவில்லை.

அந்த வலை இரு பக்கமும் வழிவிடும். நீங்கள் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். வெளியே நடப்பதெல்லாம் உங்களுக்கும் கேட்கும். ஆகவே பேருந்து, அலுவலகம், குழந்தை உறங்கும் அறை ஆகியவற்றுக்கு இது ஆகாது. மைக்கின் முன் அமர்ந்து குரல் பதிவு செய்பவருக்கும் ஆகாது, ஏனெனில் ஹெட்போனில் ஓடும் தாளம் மைக்கில் ஏறிவிடும். நம் வீடுகளில் இன்னொரு தடையும் உண்டு: மின்விசிறி. அது முழு வேகத்தில் சுழலும்போது தம்புராவின் ரீங்காரம், பாடகர் மூச்சிழுக்கும் ஓசை, வீணைத் தந்தியின் ஒலி தேய்ந்து மறையும் கடைசிக் கணம் ஆகிய நுண்மைகள் எல்லாம் அதன் இரைச்சலில் மூழ்கிவிடும். எந்த நுண்மைகளுக்காக இந்த வகை ஹெட்போனை நாடினோமோ அவற்றையே இழந்து, இரைச்சலை வெல்ல ஒலியளவைக் கூட்டிக் கூட்டிக் காதையும் வருத்திக்கொள்வது சரியான பேரமில்லை. வாங்குவதற்கு முன், நீங்கள் வழக்கமாக இசை கேட்கும் நேரத்தில், வழக்கமாக அமரும் இடத்தில், எதுவும் ஒலிக்காமல் ஐந்து நிமிடம் சும்மா அமர்ந்து பாருங்கள். அப்போது காதில் விழும் அத்தனையும் ஹெட்போனை மாட்டிய பிறகும் ஏறக்குறைய அப்படியே விழும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

கடைகளில் வகைகள் ஏராளம் இருந்தாலும், தேர்வை விளக்க 5 மாதிரிகள் போதும்; மற்றவை பெரும்பாலும் இவற்றில் ஒன்றை ஒட்டியே அமைந்திருக்கும்.

சென்ஹைசர் எச்.டி. 600 குரலுக்காகவே செய்ததுபோல் இருக்கும். நடு அலைவரிசைகள் எந்தப் பூச்சும் இல்லாமல், பாடுபவர் எதிரே இருப்பதுபோல் வரும். 1997-இல் வந்த இந்த மாதிரி இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஒப்பீட்டுக்கு அளவுகோலாக நிற்பதற்கு அதுதான் காரணம். குறை என்னவென்றால், ஆழ்ந்த பேஸ் (தாழ்ந்த சுருதி ஒலிகள்) தேய்ந்துவிடும்; இசைக்கருவிகள் பரந்து நிற்காமல் கொஞ்சம் நெருக்கமாக நிற்கும். ஏ.கே.ஜி. கே 702 இதற்கு நேர்மாறு: இடப்பரப்பு விரிவானது, பல வயலின்கள் சேர்ந்து ஒலிக்கும்போது ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்டலாம், ஆனால் அடிப்பகுதி மெலிந்திருக்கும். பேயர்டைனமிக் டி.டி. 990 ப்ரோ பேஸையும் உச்ச ஒலிகளையும் தூக்கிக் கொடுக்கும். சிலம்பொலியும் சிம்பலும் பளிச்சென்று வருவது முதல் அரை மணி நேரம் இனிக்கும். கூர்மையான காதுகளுக்கு அதன்பின் அதுவே உறுத்தலாகும். பிலிப்ஸ் எஸ்.எச்.பி. 9500 விலையில் எளியது, தலையை இறுக்காதது, முதல் ஓப்பன்-பேக்காக யாருக்கும் தயங்காமல் சொல்லக்கூடியது. ஹைஃபைமேன் சுந்தரா தட்டையான சவ்வு முழுவதிலும் மின்தடம் ஓடும் பிளேனார் வகையைச் சேர்ந்தது. அந்த வகையின் பலம், பேஸ் கீழே போகப்போகத் தேயாமல் நேராக இறங்குவது. மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கும்கி வழுக்கி ஏறி இறங்குவதை முழு உருவோடு கேட்க விரும்புபவர் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். உடல் அதிரும் பேஸ்தான் வேண்டும் என்பவருக்கு இந்த ஐந்துமே ஏமாற்றமளிக்கும். அவர் மூடிய வகைக்குப் போவதே நல்லது.

ஒலிக்கு இணையாக, சில வேளை அதைவிட மேலாக, மாட்டியிருக்கும் சுகத்தைப் பாருங்கள். எச்.டி. 600 ஏறத்தாழ 260 கிராம். சுந்தரா 370 கிராமைத் தாண்டும். கேட்கும்போது நூறு கிராம் பெரிதாகத் தோன்றாது. இரண்டாவது மணி நேரத்தில் கழுத்து அதைச் சொல்லும். எச்.டி. 600 புதிதில் பக்கவாட்டில் நன்றாகவே அழுத்தும், கண்ணாடி அணிபவர்களுக்குச் சட்டத்தின் காம்பு காதோரம் பதியும். கே 702-இன் தலைப்பட்டை சிலருக்கு உச்சந்தலையில் உறுத்தும். காது மெத்தை வெல்வெட் துணியா, தோலா என்பதும் நம் வெயிலுக்கு முக்கியம்: தோல் மெத்தை வேர்வையைத் தேக்கும், துணி மெத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் சீக்கிரம் நசுங்கும். மெத்தை நசுங்கினால் காதுக்கும் சவ்வுக்கும் இடையிலான தூரம் குறைந்து ஒலியின் தன்மையே மாறிவிடும். எனவே மாற்று மெத்தை கிடைக்கிறதா, கம்பி கழற்றி மாட்டக்கூடியதா என்று வாங்கும்போதே விசாரித்துவிடுங்கள். டி.டி. 990 ப்ரோவின் வழக்கமான பதிப்பில் கம்பி கழறாது. அது அறுந்தால் பற்றவைக்க வேண்டும்.

கடையில் கேட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், கடைக்காரர் போடும் பளபளப்பான பாட்டை நம்பாதீர்கள். பல ஆண்டுகளாகக் கேட்டு அசைவு ஒவ்வொன்றும் மனப்பாடமான மூன்று பதிவுகளைக் கொண்டுபோங்கள்: ஒன்று தனிக்குரல், ஒன்று தாளக்கருவி நிறைந்தது, ஒன்று நேரடிக் கச்சேரிப் பதிவு.

ஆம்ப் கணக்கு

உணர்திறன் என்பது, குறிப்பிட்ட மின்சாரம் கொடுத்தால் ஹெட்போன் எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பதைச் சொல்லும் எண். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. சில நிறுவனங்கள் ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல் (ஒலி அளவின் அலகு) என்று தருகின்றன. சில ஒரு வோல்ட்டுக்கு எத்தனை டெசிபல் என்று தருகின்றன. இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது கிலோவையும் லிட்டரையும் ஒப்பிடுவது போலாகும். எல்லாவற்றையும் வோல்ட் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு ஓர் எளிய வாய்பாடு உண்டு: மின்மறுப்பு 1000 ஓம் என்றால் இரண்டு எண்களும் ஒன்றே. ஓம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் மில்லிவாட் எண்ணோடு 3 டெசிபல் கூட்ட வேண்டும். 500 ஓமுக்கு 3, 250 ஓமுக்கு 6, 125 ஓமுக்கு 9, 62 ஓமுக்கு 12, 32 ஓமுக்கு 15. இடைப்பட்டவற்றை உத்தேசமாக எடுத்துக்கொள்ளலாம். 300 ஓமுக்கு 5 என்று வைத்தால் போதும்.

இப்போது நம் ஐந்தையும் மாற்றிப் பார்ப்போம். எஸ்.எச்.பி. 9500-க்கு 32 ஓம், மில்லிவாட்டுக்கு 101 டெசிபல். ஆக வோல்ட்டுக்கு 116. சுந்தராவின் முதல் பதிப்புக்கு 37 ஓம், 94 டெசிபல். ஆக வோல்ட்டுக்கு ஏறத்தாழ 108. கே 702-க்கு 62 ஓம். நிறுவனமே வோல்ட் கணக்கில் 105 என்று தருகிறது. எச்.டி. 600-க்கு 300 ஓம், ஏறத்தாழ 97 டெசிபல். ஆக வோல்ட்டுக்கு 102. டி.டி. 990 ப்ரோவின் 250 ஓம் பதிப்புக்கு 96 டெசிபல். ஆக அதற்கும் 102.

அடுத்து, எவ்வளவு தேவை என்பதற்கு ஓர் இலக்கு வேண்டும். நான் 110 டெசிபல் உச்சம் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த அளவில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது பொருளல்ல. அப்படிக் கேட்கவே கூடாது. இன்றைய சினிமாப் பாடல்களில் சராசரி ஒலிக்கும் உச்சத்துக்கும் இடைவெளி பெரும்பாலும் 10 டெசிபல் அளவில்தான் இருக்கும். கச்சேரிப் பதிவிலோ மேற்கத்திய சிம்பொனியிலோ அது 20-ஐத் தாண்டும். பழைய பதிவுகள் சில, அடிப்படையிலேயே சன்னமாகப் பதிவானவை. சராசரியை 75 டெசிபலில் நிதானமாக வைத்துக் கேட்கும்போதும், தனி ஆவர்த்தனத்தின் ஓர் அடி சிதையாமல் வர மேலே இடம் விட்டிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் 110. இது தாராளமான இலக்கு. 105-ஐ எட்டினாலே பலருக்குக் குறை தெரியாது.

வோல்ட் இரட்டிப்பானால் 6 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 20 கூடும். இதை வைத்துப் பார்த்தால் 110-ஐ எட்ட எஸ்.எச்.பி. 9500-க்கு அரை வோல்ட் போதும். சுந்தராவுக்கு ஏறத்தாழ 1.2, கே 702-க்கு 1.8, எச்.டி. 600-க்கும் டி.டி. 990 ப்ரோவுக்கும் 2.5 வோல்ட் வேண்டும். இதையே திறனாக மாற்றினால் படம் தலைகீழாகிறது: எச்.டி. 600 கேட்பது 21 மில்லிவாட். கே 702 கேட்பது 50 மில்லிவாட். 300 ஓம் ஹெட்போனைவிட 62 ஓம் ஹெட்போன் இரு மடங்குக்கு மேல் திறன் கேட்கிறது. ஓம் எண்ணை மட்டும் பார்த்து ‘இது சுலபம், அது கடினம்’ என்று சொல்வது ஏன் தவறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அதிக ஓம் வோல்ட்டைக் கேட்கும். குறைந்த ஓமும் குறைந்த உணர்திறனும் சேர்ந்தால் மின்னோட்டத்தைக் கேட்கும். இதன் எல்லை வரை போனால் ஹைஃபைமேன் எச்.ஈ. 6 இருக்கிறது: 50 ஓம்தான், ஆனால் மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல் மட்டுமே. அது 110-ஐ எட்ட ஏறத்தாழ 4.7 வோல்ட்டும் 450 மில்லிவாட்டும் வேண்டும். எந்தப் போனாலும் அதைக் கொடுக்க முடியாது.

உங்களிடம் இருப்பது எவ்வளவு தருகிறது

மூன்றாவது எண் உங்கள் கருவியினுடையது. ஆப்பிளின் யூ.எஸ்.பி.-சி டாங்கிள் (போனில் செருகி ஹெட்போனை இணைக்கும் சிறு மாற்றி) அமெரிக்கப் பதிப்பில் ஏறத்தாழ 1 வோல்ட் தரும். ஐரோப்பியப் பதிப்பு அதில் பாதிதான் தரும். மடிக்கணினிகளும் பழைய போன்களும் பெரும்பாலும் அரை வோல்ட்டிலிருந்து 1 வோல்ட் வரை தரும். டாங்கிள் வடிவிலேயே வரும் சற்று உயர்ந்த வகைகள் 2 வோல்ட் தரும். மேசை ஆம்ப்கள் அதற்கும் மேலே. விவரக்குறிப்பில் எண் கிடைக்காவிட்டால் நீங்களே அளந்துவிடலாம். மாறுதிசை மின்னோட்டத்தில் 2 வோல்ட் அளவீடு உள்ள மல்டிமீட்டர் தேவை; மிக மலிவானவற்றில் அது 200 வோல்ட்டில்தான் தொடங்கும், அவை இதற்கு உதவா. ஹெட்போனைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரு முனையிலும் பின் உள்ள ஒலிக் கம்பி ஒன்றைச் செருகி, ஒலி உருவாக்கும் செயலி ஒன்றில் 60 ஹெர்ட்ஸ் சைன் அலையை முழு அளவில் ஓடவிட்டு, ஒலியளவையும் முழுதாக்கி, கம்பியின் மறுமுனைப் பின்னின் நுனிக்கும் அடிவளையத்துக்கும் இடையே அளந்தால் அதுவே உங்கள் கருவியின் உச்ச வோல்ட். 60 ஹெர்ட்ஸைச் சொல்வதற்குக் காரணம், சாதாரண மல்டிமீட்டர்கள் வீட்டு மின்சாரத்தை ஒட்டிய அலைவரிசைகளில்தான் சரியாகக் காட்டும்.

அதே மீட்டரால் வெளியீட்டு மின்மறுப்பையும், அதாவது உங்கள் கருவியின் சொந்த மின்மறுப்பையும், கண்டுபிடிக்கலாம். ஒலியளவைப் பாதியாக்கி ஒருமுறை அளந்துகொண்டு, பின் 33 ஓம் மின்தடை ஒன்றைக் குறுக்கே இணைத்து மறுபடி அளக்கவும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து, 1-ஐக் கழித்து, 33-ஆல் பெருக்கினால் விடை. உதாரணமாக 0.50 என்பது 0.40 ஆகக் குறைந்தால், வெளியீட்டு மின்மறுப்பு 8 ஓம் சொச்சம். இது ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் கவலை இல்லை. மீறினால் ஹெட்போனின் ஓம் அலைவரிசைக்கு அலைவரிசை மாறுவதற்கேற்ப ஒலியின் சமநிலையும் மாறும். பொதுவாக 32 ஓம் இருந்து பேஸ் பகுதியில் 100 ஓமாக உயரும் ஒரு ஹெட்போனை 100 ஓம் வெளியீட்டில் மாட்டினால் அந்தப் பேஸ் மட்டும் 6 டெசிபல் வீங்கிவிடும். எச்.டி. 600-உம் பேஸில் 500 ஓமைத் தாண்டும். ஆனால் அடிப்படையே 300 என்பதால் அதே வெளியீட்டில் ஏறத்தாழ 1 டெசிபல்தான் கூடும். வால்வு ஆம்ப்களோடு சென்ஹைசரை இணைத்துக் கேட்பவர்கள் ரசிக்கும் கதகதப்பில் இதற்கும் பங்குண்டு. பிளேனார் வகையின் ஓம் எங்கும் ஒரே சீராக இருப்பதால், அதில் ஒலியளவு குறையுமே தவிர தன்மை மாறாது.

கணக்கில் பலர் மறக்கும் ஒரு செலவு ஈக்வலைசர், அதாவது குறிப்பிட்ட அலைவரிசைகளை மட்டும் ஏற்றி இறக்கும் வசதி. கே 702-இன் மெலிந்த பேஸை 6 டெசிபல் ஏற்ற வேண்டுமென்றால், சிதைவு வராமல் இருக்க முழு ஒலியையும் முதலில் 6 டெசிபல் இறக்க வேண்டும். அதாவது தேவைப்படும் வோல்ட் இரட்டிப்பாகும். ஈக்வலைசர் பயன்படுத்துவது என்று முடிவெடுத்திருந்தால் இலக்கை 110-க்குப் பதில் 116 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். என் அனுபவத்தில், போதுமென்று இருந்த ஏற்பாடு திடீரென்று போதாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

வேண்டுமா, வேண்டாமா

எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதியதும் விடை தானே நிற்கும். உங்கள் கருவி தரும் வோல்ட் தேவையைவிட மேலே இருந்தால் ஆம்ப் வேண்டாம். அந்தப் பணத்தை ஒரு படி மேலான ஹெட்போனுக்கோ மாற்று மெத்தைக்கோ போடுங்கள். சற்றுக் குறைந்தால், உதாரணமாக 1 வோல்ட் டாங்கிளில் எச்.டி. 600 என்றால், உங்களிடம் உள்ளவற்றில் மிகச் சன்னமாகப் பதிவான கச்சேரியைப் போட்டுப் பாருங்கள். இசைச் சேவைச் செயலிகளில் ஒலியளவைச் சமப்படுத்தும் அமைப்பு இருந்தால் அதை அணைத்துவிட்டுச் சோதியுங்கள், அது ஒலியைக் குறைத்துக் காட்டும். ஒலியளவுப் பட்டி முழுதாக ஏறுவதற்குள் உங்களுக்குத் திருப்தி கிடைத்துவிட்டால் இப்போதைக்கு அதுவே போதும். முழுதாக ஏறியும் போதாவிட்டால், அல்லது உச்சங்களில் ஒலி கரகரத்தால், ஆம்ப் உண்மையாகவே தேவை.

ஒலியளவு போதுமாக இருந்தும் வெளிக்கருவி தேவைப்படும் சூழல் ஒன்று உண்டு. மவுஸை நகர்த்தும்போது கிர் என்று கேட்பது, பாட்டு நின்றதும் இரைச்சல் மிஞ்சுவது ஆகியவை மடிக்கணினியின் உள்மின்சுற்றிலிருந்து வருபவை. இதற்கு மருந்து பெரிய ஆம்ப் இல்லை; யூ.எஸ்.பி.யில் மாட்டும் ஒரு சிறு டாங்கிளே போதும். மேசை ஆம்ப் மாட்டிய பின் ரீங்காரம் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் குற்றம் ஆம்பில் இல்லை. எர்த் இல்லாத பிளக்கிலோ, எர்த் சரியாக இணைக்கப்படாத சுவர்ப் புள்ளியிலோ இருக்கலாம். மின்பணியாளரை அழைத்து அதைச் சரிசெய்வது இசைக்கு மட்டுமல்ல, உயிருக்கும் பாதுகாப்பு.

ஆம்ப் வாங்குவதானால் விளம்பரத்தில் முதலில் கண்ணில் படும் பெரிய வாட் எண்ணை விட்டுவிட்டு, உங்கள் ஹெட்போனின் ஓமுக்கு எத்தனை வோல்ட் தருகிறது, வெளியீட்டு மின்மறுப்பு 1 அல்லது 2 ஓமுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். 4 வோல்ட் தரும் ஒரு சாதாரண மேசை ஆம்ப், மேலே சொன்ன ஐந்தில் எதையும் ஈக்வலைசரோடு சேர்த்தே எளிதாக ஓட்டும், எச்.டி. 600, டி.டி. 990 ப்ரோ இரண்டில் மட்டும் 116-க்குப் பதில் 114-இல் நிற்கும், அது காதுக்கு ஒரு குறையே இல்லை. பேலன்ஸ்ட் வெளியீடு என்பது பெரும்பாலான ஆம்ப்களில் ஏறத்தாழ இரு மடங்கு வோல்ட் தரும் வழி, அவ்வளவே. வோல்ட் ஏற்கெனவே போதுமானதாக இருந்தால் அதற்காகப் புதுக் கம்பி வாங்க வேண்டியதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒரு கண்டிப்பு வேண்டும். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பது நம் காதுக்கு ‘உரக்க’ என்று தெரியாது. ‘தெளிவாக, உயிரோட்டமாக’ என்றுதான் தெரியும். நானும் ஒரு புது ஆம்பைக் கேட்டு மேடையே விரிந்துவிட்டது என்று நம்பி, பிறகு இரண்டு வெளியீடுகளையும் மல்டிமீட்டரில் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவந்து, எது எது என்று தெரியாதபடி வீட்டாரை மாற்றி மாற்றி இணைக்கச் சொல்லிக் கேட்டபோது, என்னால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. அதனால் திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள், 60 ஹெர்ட்ஸ் அலையில் இரண்டையும் சமப்படுத்திக்கொண்டு கேளுங்கள்.

ஆம்ப் மேசைக்கு வந்த பிறகு, கெயின் (எவ்வளவு பெருக்குவது என்ற அளவு) பொத்தானைக் குறைந்த நிலையில் வைத்து, ஒலியளவுக் குமிழை முழுதும் இறக்கி, ஹெட்போனை மாட்டிய பின் மெல்ல ஏற்றுங்கள். இயக்கும்போதும் அணைக்கும்போதும் ஹெட்போன் காதில் இருக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வகுத்திருக்கும் எல்லை 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 89 டெசிபலில் கேட்பவருக்கு வாரத்துக்கு 5 மணி நேரம்தான். குமிழில் உங்களுக்கு வசதியான இடம் தெரிந்ததும் அங்கே ஒரு சிறு புள்ளி வைத்துவிடுங்கள். விசிறி ஓடும் நாளிலும் அதைத் தாண்டாதீர்கள்.